திருகோணமலைக்கு பிளான் கீறுற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளான் கீறுற ஐயாமாருக்கும் மிஸ்மாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். மூண்டையும் சேத்துச் சொல்லிப்போட்டுத் தொடங்கினா தான் எங்கட ஊர்ல மரியாதை. நான் டவுனுக்குள்ள ஒரு பாமசில கவுண்டர்ல நிக்கிறன், வீடு அலஸ்தோட்டத்துப் பக்கம் உள்ளொழுங்கை ஒண்டில. கட்சி ஒண்டிலயும் இல்ல, சங்கம் ஒண்டிலயும் இல்ல. திருகோணமலையை அபிவிருத்தி செய்யப் போறம் எண்டு திருப்பியும் எல்லாரும் கதைக்கத் தொடங்கிட்டாங்க, கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ஏசி போட்ட வாகனத்தில வந்து ஹோட்டல்ல மீட்டிங் வச்சிட்டு அடுத்த நாள் ஹபரணையால திரும்பிப் போயிடுறாங்க, அதால தான் இதை எழுதுறன்.

கதை எப்பவும் துறைமுகத்தில இருந்து தான் தொடங்கும். உலகத்திலயே ரெண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம் எண்டு ஒருத்தர் சொல்லுவார், இல்ல அஞ்சாவது எண்டு இன்னொருத்தர், ஆழத்தில நாங்க தான் முதலாவது எண்டு மூண்டாவது ஆள். சின்னப்பிள்ளையில இருந்து இந்த நம்பருகளைக் கேட்டுக் கேட்டுத் தான் வளந்தம். பிறகு எண்ணெய்க் குதங்கள், எண்ணெய் சேத்து வைக்கிற பெரிய தாங்கிகள். சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டினது, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட காலத்துச் சாமான், இப்பவும் 99 நிக்குது. 2003 இல இந்தியக் கம்பனிக்கு எண்டாங்க, 2022 ஜனவரில புது ஒப்பந்தம், 61 குதத்தைச் சேந்து நடத்துறம் எண்டாங்க, 2025 ஏப்ரல்ல இந்தியாவும் எமிரேட்ஸும் இலங்கையும் சேந்து எரிசக்தி மையம் எண்டு இன்னொரு கையெழுத்து. நல்லது, நடக்கட்டும். ஆனா அந்த 2022 ஆம் ஆண்டு தான் நாங்க பெற்றோலுக்கு லைன்ல காஞ்சது எண்டதையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்க. பக்கத்தில 99 குதம், எங்கட ஸ்கூட்டிக்கு ஒரு லீட்டர் இல்ல. அந்தக் காலத்தில அலஸ்தோட்டத்தில இருந்து டவுனுக்கு சைக்கிள்ல வந்து வந்து தான் எனக்கு இந்த ரோட்டின்ட ஒவ்வொரு பள்ளமும் பாடமானது.

சிங்கப்பூரில இருந்து சுர்பானா ஜூரோங் எண்ட பெரிய கம்பனியைக் கூப்பிட்டும் எங்களுக்கு மாஸ்டர் பிளான் போட்டாங்க, மெட்ரோ சிட்டி எண்டு சொல்லி. இப்ப நகரசபையும் மாநகர சபை ஆயிட்டு. போர்டு மாறினது எங்களுக்கும் சந்தோசம் தான். நான் சொல்ல வாறது ஒரு விஷயம் தான், அதை முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு விளக்கமா எழுதுறன்: இந்த ஊர் நீங்க வளத்தாலும் வளக்காட்டிலும் வளந்து கொண்டு தான் இருக்கு, அது எங்க வளருது எண்டு போய்ப் பாத்து அங்க பஸ்ஸை விடுங்க.

இது என்ன, பெரிய பெரிய விஷயம் கிடக்க இவ பஸ்ஸைப் பற்றிக் கதைக்கிறா எண்டு நினைப்பீங்க. பொறுங்க.

மேப்பை எடுத்துப் பாத்தீங்களெண்டா டவுன் கடலுக்குள்ள நீட்டின நாக்கு மாதிரி கிடக்கும். ஒரு பக்கம் உட்துறைமுகம், மற்றப் பக்கம் வெளிக்கடல், நுனியில கோட்டையும் அதுக்குள்ள ஆமியும் அதுக்கும் மேல சுவாமி மலையில கோணேசரும். தெற்கால போனா டொக்யார்ட், நேவி. மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்துக்குள்ள தான் பெரியாஸ்பத்திரி, கோட்ஸ், மாக்கட், பஸ் ஸ்டாண்ட், இந்துக் கல்லூரி, சண்முகா, சூசையப்பர், மரியாள், பேங்க், பாமசி, நகைக்கடை, டியூஷன் கொட்டில் எல்லாம். வெள்ளைக்காரன் காலத்தில அவ்வளவு சனம் காணும் எண்டு நினைச்சுப் போட்ட ரோட்டுகள் தான் இண்டைக்கும் எங்களைச் சுமக்குது. டவுனுக்குள்ள இனி ஒரு வளவு வாங்கி வீடு கட்டுறது சாதாரண சம்பளக்காரனால ஏலாத காரியம், பேர்ச் விலை கேட்டா தலை சுத்தும். அப்ப சனம் என்ன செய்யும்? வெளியால போகும். நிலாவெளி ரோட்டால உப்புவெளி, சாம்பல்தீவு எண்டு ஒரு பக்கம், கண்டி ரோட்டால பாலையூற்று அங்கால ஒரு பக்கம், அனுராதபுரச் சந்தியால அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், கன்னியா ரோட்டு எண்டு இன்னொரு பக்கம். ஊர் மூண்டு ரோட்டைப் பிடிச்சுக்கொண்டு நீளமா போகுது, வேலையும் பள்ளிக்கூடமும் மருந்தும் அந்த நுனியிலயே கிடக்கு. விடிய ஏழு மணிக்கு எல்லாரும் உள்ள, ரெண்டு மணிக்கு எல்லாரும் வெளிய. அந்த நேரத்தில மணிக்கூட்டுக் கோபுரத்தடியில ஒருக்கா வந்து நிண்டு பாருங்க, மீட்டிங்கில போடுற சிலைட் எல்லாத்தையும் விட வடிவா விளங்கும்.

யார் இந்தப் புது ஆக்கள் எண்டு கேப்பீங்க. வடக்கும் கிழக்கும் பிரிஞ்ச பிறகு கிழக்கு மாகாண சபையின்ட கந்தோர்கள் இங்க எண்டபடியா மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனைப் பக்கத்து உத்தியோகத்தர்கள், கிழமையில அஞ்சு நாள் இங்க, வெள்ளி பின்னேரம் பேக்கோட பஸ் ஸ்டாண்டில. கோணேசபுரியில கெம்பஸ், அதால நாடு முழுக்க இருந்து வந்த பெடியள் பெட்டையள், ஒரு அறையில நாலு பேர். மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்தில இருந்து பிள்ளைகளின்ட படிப்புக்காக அனெக்ஸ் எடுத்து வந்து இருக்கிற குடும்பங்கள், தாய் இங்க, தகப்பன் அங்க வயலோட. ஹோட்டல்ல வேலை செய்யுற ஆக்கள், அதில பாதிப் பேர் மலைநாட்டுப் பெடியள். இதுக்கு மேல கனடா, லண்டன் காசில ரெண்டு மாடி வீடு கட்டிப் பூட்டி வச்சிட்டு ஆடி அமாவாசைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வாற சொந்தக்காரர். 2012 கணக்கெடுப்பில மாவட்டம் முழுக்கவே நாலு லட்சம் சனம் இல்ல. பெரிய சிட்டி ஒண்டும் இல்ல நாங்க, எனக்கு அது தெரியும். ஆனா சின்ன ஊர் வளரேக்க தான் வலி கூட. கொழும்பில ஒரு புது பில்டிங் வந்தா ஒருத்தருக்கும் தெரியாது, எங்கட ஒழுங்கையில ஒரு மதில் எழும்பினா நாலு வீட்டுக்குள்ள வெள்ளம் வரும்.

வெள்ளக் கதையை வடிவாச் சொல்லுறன். எங்கட பக்கம் எல்லாம் மணல் தரை. முந்தி கிடுகு வேலி, மணல் ஒழுங்கை, மாரியில எவ்வளவு பெஞ்சாலும் விடியேக்க தண்ணி நிலத்துக்குள்ள இறங்கிப் போயிருக்கும், பிள்ளைகள் சப்பாத்து நனையாமப் போவாங்க. இப்ப வேலி எல்லாம் மதில் ஆயிட்டு, முத்தம் எல்லாம் கல்லுப் பதிச்சாச்சு, ஒழுங்கைக்கு கொங்கிரீட் போட்டாச்சு. கொங்கிரீட் போட்ட அண்டைக்கு நாங்களும் கை தட்டினம் தான், ஏன் பொய் சொல்லுவான். ஆனா தண்ணி ஓடுற கான் கட்டாம கொங்கிரீட்டை மட்டும் போட்டா அந்தத் தண்ணி எங்க போகும்? ஆர்ட வீடு பதிவோ அங்க போகும். கார்த்திகை மார்கழியில வாடைக்காத்தோட ஒரு நாலு நாள் விடாம அடிச்சா எங்கட ஒழுங்கைக் கடைசி வீட்டு அம்மா கட்டிலுக்கு மேல கட்டில் அடுக்கிப்போட்டு இருப்பா. தண்ணி வத்தினாப் பிறகு நுளம்பு. 2017 இல கிண்ணியாவில டெங்கு வந்து சனம் செத்தது மறந்துட்டுதா தெரியேல்ல, எனக்கு மறக்காது, அந்த மாதங்களில கவுண்டர்ல நிண்டு பெனடோலும் ஜீவனியும் எடுத்துக் குடுத்துக் குடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு, தாய்மார் பிள்ளைகளின்ட பிளட் ரிப்போட்டைக் கொண்டு வந்து "பிள்ளேய், இதில பிளேட்லெட் எவ்வளவு எண்டு பாத்துச் சொல்லு" எண்டு என்னட்ட நீட்டுவாங்க. ரிப்போட் பாக்கிற ஆள் நான் இல்ல எண்டாலும் ஒரு சின்ன ஊர் பாமசிக்காரி அப்படிச் சொல்லித் தப்பேலாது.

அது தான் சின்ன ஊர். நல்லதும் அது தான், கரைச்சலும் அது தான். கடைக்கு வாற பத்துப் பேர்ல ஏழு பேரின்ட பிரஷர் மருந்து எனக்கு மனப்பாடம். சிங்களத்தில கேட்டா சிங்களத்தில சொல்லுவன், கிண்ணியா ஹாஜியார் வந்தா நோன்பு நேரம் குளுசையை எப்படிப் பிரிச்சுப் போடுறது எண்டு கேப்பார், டொக்டரிட்டக் கேக்க வெக்கப்படுற பொம்பிளையள் என்னட்ட மெதுவாக் கேப்பாங்க. காசு குறைஞ்சா "நாளைக்குத் தாறன்" எண்டு சொல்லிட்டுப் போனா நாளைக்கு வரும். அதே நேரம் ஒரு பெட்டை ஒரு பெடியனோட ஐஸ்கிரீம் குடிச்சா பின்னேரத்துக்குள்ள அலஸ்தோட்டத்துக்குத் தகவல் வந்திடும், ஆர்ட மகள், எந்த வகுப்பு, தகப்பன் எங்க வேலை, எல்லாம் சேத்து. பெரிய சிட்டி ஆனா இந்த ரெண்டாவது விஷயம் குறையும் எண்டு என்ர மகள் ஆசையோட பாத்துக்கொண்டு இருக்கிறா, எனக்கு முதலாவது போயிடுமோ எண்டு பயம்.

ரோட்டும் பாலமும் ஒரு ஊரை எப்படி மாத்தும் எண்டு எங்களுக்கு நீங்க படிப்பிக்கத் தேவையில்ல, நாங்க கண்ணால கண்ட ஆக்கள். கிண்ணியாக்குப் போறதெண்டா பாதையில ஏறிக் காத்துக்கொண்டு நிக்கிற காலம் ஒண்டு இருந்தது. எங்கட பக்கத்தில பாதை எண்டு சொல்லுறது வாகனத்தையும் ஆக்களையும் ஏத்தி ஆத்தைக் கடக்கிற மிதப்பை. 2009 ஒக்டோபர்ல கிண்ணியாப் பாலம் திறந்தாங்க, 396 மீட்டர். அதுக்குப் பிறகு மூதூர்ப் பக்கத்து ஆறுகளுக்கும் பாலம் வந்து மட்டக்களப்பு வரைக்கும் ரோட்டாலயே போகலாம் எண்டு ஆனதும் ஊரே மாறிப்போச்சு. கொட்டியாரக்குடாவால லோஞ்சில வந்த மூதூர்ச் சனம் இப்ப மோட்டார் சைக்கிள்ல வந்து மருந்து எடுத்திட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்ட போயிடும். கல்யாண உடுப்பு எடுக்க, ஸ்கேன் எடுக்க, கோட்ஸுக்கு, பாஸ்போட் வேலைக்கு எண்டு எல்லாரும் இங்க. டவுனின்ட வளர்ச்சி துறைமுகத்தால வரேல்ல, அந்தப் பாலங்களால வந்தது. இது என்ர அபிப்பிராயம் தான், கணக்குப் புத்தகம் என்னட்ட இல்ல, ஆனா கவுண்டருக்கு அங்கால நிக்கிற முகங்களைப் பாத்துச் சொல்லுறன்.

அதே கிண்ணியாவில தான் 2021 நவம்பர்ல குறிஞ்சாக்கேணியில நடந்தது. புதுப் பாலம் கட்டுறதுக்காக பழைய பாலத்தை எடுத்தாச்சு, வேலை முடியிற மட்டும் சனம் போக மிதப்புப் பாதை ஒண்டு, விடியப் பள்ளிக்கூடம் போக ஏறின பிள்ளைகளோட அது கவிண்டு போச்சு. அதை விளக்கி எழுத எனக்கு மனம் வரேல்ல. ஆனா உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அதுக்குள்ள இருக்கு. பெரிய வேலை ஒண்டு நடக்கேக்க, அது முடியிற வரைக்கும் சாதாரண சனம் எதில ஏறி எங்கால போகும் எண்ட கேள்வியை ஆரும் பெரிசா எடுக்கிறதில்ல. பிளான்ல அந்த ரெண்டு வருசத்துக்கு ஒரு கட்டம் இல்ல. எங்கட சீவியம் அந்த ரெண்டு வருசத்துக்குள்ள தான் நடக்குது.

சரி, பஸ்ஸுக்கு வாறன்.

பகல்ல குறை சொல்லேலாது, நிலாவெளி ரோட்டால பஸ் ஓடும், நெரிசல் எண்டாலும் தொங்கிக்கொண்டு வந்திடலாம். பொழுது பட்டால் கதை வேற. பாமசி பூட்டி நான் வெளிக்கிடேக்க பஸ்ஸை நம்பி நிக்கேலாது, வந்தா வரும். என்னோட அந்த நேரம் ரோட்டில நிக்கிற ஆக்களைப் பாத்தீங்களெண்டா ஒரு லிஸ்ட் போடலாம்: டியூஷன் முடிஞ்ச ஏஎல் பெட்டையள், அவங்களைக் கூட்டிப் போக வந்த தகப்பன்மார், ஆஸ்பத்திரியில டியூட்டி மாறுற நர்ஸ்மார், வாட்டில ஆளை விட்டிட்டு சாப்பாட்டுக் கூடையோட திரும்பிற அம்மாமார், புடவைக்கடைப் பிள்ளைகள். எல்லாரும் ஆட்டோக்காரரைப் பாப்பம், ஆட்டோக்காரர் எங்களைப் பாப்பாங்க. ஆட்டோ அண்ணாமாரில எனக்குக் கோபம் இல்ல, அவங்கட பெற்றோல் விலையும் லீசிங் கட்டுற கதையும் எனக்குத் தெரியும், முகம் தெரிஞ்ச ஆள் எண்டா குறைச்சும் எடுப்பாங்க. ஆனா கடையில நிக்கிற ஒரு பிள்ளை நாளுக்கு ஆட்டோவுக்குக் குடுத்தா சம்பளத்தில மிச்சம் என்ன? அதால தான் எத்தினையோ பெட்டையளை வீட்டில "டவுன் வேலை வேணாம்" எண்டு நிப்பாட்டுறாங்க. வேலை இல்லாம இல்ல, வீட்ட வந்து சேர வழி இல்லாம. மகளை பின்னேர வகுப்புக்கு விடுறதும் அப்படித்தான், தகப்பன் வெளிநாட்டில இருக்கிற வீடுகளில ஆர் போய்க் கூட்டி வாறது? மாமா சித்தப்பா எண்டு ஒவ்வொருத்தரையும் கெஞ்சோணும். பொம்பிளைப் பிள்ளை சயன்ஸ் படிக்கிறாளா கொமர்ஸ் படிக்கிறாளா எண்டதை சில வீடுகளில அந்த மாமாவின்ட மோட்டார் சைக்கிள் தான் தீர்மானிக்குது.

நான் கேக்கிறது பெரிய லக்சரி கோச் இல்ல. சின்ன ரோசா பஸ் காணும். பஸ் ஸ்டாண்டில வெளிக்கிட்டு ஆஸ்பத்திரியடியால வந்து, அனுராதபுரச் சந்தியில திரும்பி, அன்புவழிபுரம் செல்வநாயகபுரம் உள்ளுக்குப் போய் வாற ஒண்டு. நிலாவெளி ரோட்டால சாம்பல்தீவுப் பாலம் தாண்டி கெம்பஸ் வரைக்கும் போற ஒண்டு. சீனக்குடாப் பக்கம் போய்த் திரும்பிற ஒண்டு. இரவு பத்து மணி வரைக்கும், குறிச்ச நேரத்துக்கு. சனம் ஏறாட்டிலும் ஒரு ஆறு மாதத்துக்கு விடாம ஓடோணும், ஏனெண்டா பஸ் வரும் எண்ட நம்பிக்கை வந்தாப் பிறகு தான் சனம் ஏறும், சனம் ஏறினாப் பிறகு பஸ் விடுறம் எண்டா கடைசி மட்டும் ஒண்டும் நடக்காது. அரசாங்கத்தின்ட இபோசா பஸ்ஸும் பிரைவேட்டும் பங்கு போட்டு ஓடட்டும், அதுக்குள்ள சண்டை வரும் எண்டும் எனக்குத் தெரியும், நேரத்துக்கு ஓடுறதில அடிபடாத பஸ்காரர் இலங்கையில எங்க இருக்கிறாங்க. அதைப் பிடிச்சு வச்சுப் பேசித் தீக்கிறதுக்குத் தானே உங்களைப் போல ஆக்கள். நிப்பாட்டுற இடத்தில ஒரு கூரை, ஒரு லைட், மூண்டு பாசையில நேரம் எழுதின ஒரு பலகை. கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடி மாதத்தில அந்த ரோட்டில நிழல் இல்லாம பத்து நிமிசம் நிண்டு பாத்தீங்களெண்டா கூரையை ஏன் கேக்கிறன் எண்டு விளங்கும். மரம் வச்சீங்களெண்டா இன்னும் திறம். வேம்பு வையுங்க, பூமரம் வேணாம், போட்டோவுக்கு மட்டும் தான் அது வடிவு.

பஸ்ஸோட சேந்தது தான் நடைபாதை. டவுனுக்குள்ள எல்லாம் நடந்து போற தூரம் தான், இந்த ஊரின்ட பெரிய சொத்தே அது. மாக்கட்டில மீனை வாங்கிக்கொண்டு, பேங்குக்குப் போய், பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டு, ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகலாம், கொழும்பில ஆருக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பினை? ஆனா நடக்க விட்டாத் தானே. நடைபாதை இருக்கிற இடத்தில மோட்டார் சைக்கிள் நிக்கும், மோட்டார் சைக்கிள் இல்லாத இடத்தில கான் மூடி உடைஞ்சு கிடக்கும், அதுவும் இல்லாட்டி கடைக்காரர் பிளாஸ்டிக் கதிரையை அடுக்கி வச்சிருப்பார். மூட்டு நோ எண்டு மருந்து எடுக்க வாற வயசான ஆக்கள் ரோட்டு நடுவால தான் வரோணும்.

சீசன் வந்தா இன்னும் கேக்கத் தேவையில்ல. வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் உப்புவெளியும் நிலாவெளியும் எங்கட இல்ல. திமிங்கிலம் பாக்க, புறாத்தீவுக்குப் போக, வெள்ளைக்காரரும் வருவாங்க, லோங் வீக்கெண்ட் எண்டா கொழும்புப் பக்கத்தில இருந்து பஸ் பஸ்ஸா உள்ளூர்ச் சனமும் வரும், கோணேசருக்குப் போற கோட்டை வாசலுக்குள்ளால வேன் ஒவ்வொண்டா நுழையும். வரட்டும், எனக்கும் வியாபாரம் தான், சன் கிரீமும் வயித்தால போற மருந்தும் நல்லாப் போகும். ஆனா அந்த நாலஞ்சு மாதக் கூட்டத்துக்கெண்டே பாக்கிங் கீறுறீங்க, ரோட்டு அகட்டுறீங்க, மிச்ச மாதம் இங்க இருக்கிற எங்களுக்கு எண்டு கீறின ஒண்டைக் காட்டுங்க பாப்பம். அவங்க போட்டிட்டுப் போற லஞ்ச் ஷீட்டையும் பொலித்தீனையும் கோட்டையில இருந்து இறங்கி வாற மான்கள் திண்டுகொண்டு நிக்குதுகள். வாற ஆக்கள் அதை நிண்டு போட்டோ எடுக்கிறாங்க, டவுனுக்குள்ள மான் நடக்குது பார் எண்டு. புள்ளிமான் குப்பை வாளிக்குள்ள தலையை விடுறதில என்ன வடிவு எண்டு எனக்கு விளங்கேல்ல.

கடற்கரையைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். டச்பேப் பக்கம் காந்தி சிலையடியில 2006 ஜனவரி 2 ஆம் திகதி அஞ்சு மாணவர்களைச் சுட்டுக் கொலை செய்தாங்க. அதுக்குப் பிறகு எவ்வளவோ காலம் பொழுது பட்டா அந்தப் பக்கம் ஒரு குஞ்சும் போகாது. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ப் பாருங்க, சுண்டல் வண்டில், பட்டம் விடுற பிள்ளைகள், பர்தா போட்ட பெட்டையள் காலை நனைச்சுக்கொண்டு, சிங்களக் குடும்பம் ஒண்டு பாய் விரிச்சு, கிழவர்மார் சுவரில குந்தியிருந்து அரசியல் கதைச்சுக்கொண்டு. ஒருத்தரும் பிளான் போட்டுக் கூப்பிட்டு வந்த சனம் இல்ல அது, தானா மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதை அழகுபடுத்துறம் எண்டு வந்து கம்பி அடிச்சு, டிக்கட் வச்சு, ஒரு பக்கத்தை ஹோட்டலுக்குக் குடுத்திடாதீங்க. ஒரு நல்ல கக்கூசு கட்டித் தாங்க, தண்ணியோட, பூட்டாம. லைட் எரியட்டும். அவ்வளவும் காணும்.

நான் வளர்ச்சிக்கு எதிரி எண்டு எடுத்துப்போடாதீங்க. பழைய காலம் தான் நல்லம் எண்டு புலம்புற ஆள் நான் இல்ல, பழைய காலத்தில நாங்க எத்தினை செக் பொயிண்டில இறங்கி ஏறினம் எண்டு எனக்கு ஞாபகம் இருக்கு. புதுக் கடை வந்தா நானும் போய்ப் பாப்பன். எங்கட பிள்ளைகள் படிச்சு முடிச்சா கொழும்புக்கு, இல்லாட்டி கட்டாருக்கு எண்டு தான் போகுதுகள், இங்கயே மாதச் சம்பளத்துக்கு நல்ல வேலை வந்தா ஆர் வேணாம் எண்டுவா? சம்பூர்ல சோலர் வருது, குதம் திருத்துறாங்க, அந்த வேலையில எங்கட பெடியள் எத்தினை பேருக்கு இடம் எண்டும் கேக்கத் தான் போறம். ஆனா வேலை சம்பூர்லயும் சீனக்குடாவிலயும் வந்து, ஆக்கள் அன்புவழிபுரத்திலயும் சாம்பல்தீவிலயும் இருந்தா, ஆள் வேலைக்குப் போறது எப்படி? திருப்பியும் அந்த பஸ் தான். எங்க சுத்தினாலும் நான் அதில தான் வந்து நிக்கிறன், எனக்கே சிரிப்பா இருக்கு.

அடுத்த மீட்டிங்கைப் பற்றி ஒரு வேண்டுகோள். கிழமை நாள்ல காலமை பத்து மணிக்கு ஹோட்டல் ஹோல்ல வைக்காதீங்க. அந்த நேரம் வரக்கூடியது லீவு எடுக்கக்கூடிய உத்தியோகத்தரும் கூட்டம் கூட்டமாப் போய்ப் பழகின சங்கக்காரரும் தான், மீன்காரரும் கடைப் பிள்ளைகளும் நர்ஸ்மாரும் அம்மாமாரும் வரேலாது. போயா தினத்தில பின்னேரம் வையுங்க. பள்ளிக்கூட மண்டபம் ஒண்டில வையுங்க, டவுன்ல ஒண்டு, கிண்ணியாவில ஒண்டு, உப்புவெளிப் பக்கம் ஒண்டு. பிளானை இங்கிலீசில மட்டும் கொண்டு வந்து புரொஜெக்டர்ல ஓடவிட்டு மூடிக்கொண்டு போகாம, தமிழ்லயும் சிங்களத்திலயும் பெரிசா அடிச்சு மாக்கட்டடியிலயும் ஆஸ்பத்திரி முன்னாலயும் ஒரு மாதம் தொங்க விடுங்க, சனம் நிண்டு வாசிக்கட்டும், தங்கட ஒழுங்கையைத் தேடிப் பாக்கட்டும், பேனையால பிழை போடட்டும். கூட்டம் முடிஞ்சு ஆக்கள் வீட்ட போறதுக்கு அண்டைக்கு ராவு ஒரு பஸ்ஸும் ஒழுங்கு பண்ணுங்கோ, அதையே முதல் ஓட்டமா வச்சுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அலஸ்தோட்டத்தில இருந்து டவுனுக்கு வேலைக்கு வந்து போற ஒருத்தி